இடத்தைத் தின்றது யார்?

"தம்பி, போன் நிறைஞ்சு போச்சுன்னு சொல்லுதுப்பா. ஒரு மணி நேரமா போட்டோவா அழிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் அதே பாட்டைத்தான் பாடுது!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மாவிடமிருந்து இப்படி ஒரு போன். துபாயில் இருக்கும் அண்ணன் அவருக்கு விமான டிக்கெட்டை மெயிலில் அனுப்பியிருக்கிறான். அது வந்து சேரவில்லை. 'பெறுபவரின் பெட்டியில் இடமில்லை' என்று அனுப்பிய அவனுக்கே திரும்பிப் போய்விட்டது. மறுபடி அனுப்பினான். மறுபடியும் அதே கதை. பயணத்துக்கு இன்னும் நான்கு நாள்தான்.

"எதை அழிச்சீங்க பெரியம்மா?"

"பழசைத்தான். 2018-ல பெரியப்பாகூட காசிக்குப் போனப்ப எடுத்ததெல்லாம். அதுதான் நிறைய இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பெரியப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது.

"கையை எடுங்க பெரியம்மா. இனிமே ஒண்ணையும் தொடாதீங்க. சாயங்காலம் நான் வர்றேன்" என்று சொல்லி வைத்தேன்.

பெரியம்மா செய்ததைத்தான் நம்மில் பலரும் செய்கிறோம். 'இடம் நிறைந்துவிட்டது' என்ற எச்சரிக்கை வந்ததும் கண்ணில் முதலில் படுவதை அழிக்க ஆரம்பிக்கிறோம். இடத்தை உண்மையில் அடைத்திருப்பது எது என்று பார்ப்பதே இல்லை.

நிறைந்தது எந்த இடம்?

"போன் நிறைஞ்சு போச்சு" என்று பெரியம்மா சொன்னதிலேயே முதல் சிக்கல் இருந்தது. நிறைந்தது போன் இல்லை.

நம் கையில் இருக்கும் போனுக்குள் ஓர் இடம் இருக்கிறது. 128 ஜி.பி., 256 ஜி.பி. என்று கடையில் சொல்லி விற்பது அதைத்தான். நமக்கு இன்னோர் இடமும் உண்டு. அது எங்கோ தொலைவில், பெரிய கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காக நிற்கும் கணினிகளில் இருக்கிறது. அந்தக் கணினிகளைத்தான் 'சர்வர்' என்கிறார்கள். நமக்கு சர்வர் என்றால் ஓட்டலில் தோசை கொண்டுவருபவர் நினைவுக்கு வருவார். இந்த சர்வரின் வேலையும் ஏறக்குறைய அதேதான். நம்முடைய மெயில், போட்டோ, காப்புப் பிரதி எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு, நாம் கேட்கும்போது எடுத்து வந்து தருகிறது.

கூகுள் கணக்கு உள்ள ஒவ்வொருவருக்கும் இப்படி 15 ஜி.பி. இடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஜிமெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 15. ஐபோன்காரர்களுக்கு ஆப்பிளின் ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜி.பி.

கூகுளின் இந்த 15 ஜி.பி. நிறைந்தால் மெயில் வரவும் வராது, போகவும் போகாது. புதிதாக எடுக்கும் படங்கள் சர்வருக்குப் போய்ச் சேராது. கொடுத்த அளவைத் தாண்டிய நிலையிலேயே 2 ஆண்டுகள் இருந்தால், உள்ளே இருப்பவை அழிக்கப்படலாம் என்பதும் கூகுளின் விதி. போனில் 100 ஜி.பி. காலியாக இருந்தாலும் இதில் எந்த மாற்றமும் இல்லை. பரண் நிறைந்துவிட்டதென்று சமையலறை அலமாரியைக் காலி செய்வதில் என்ன பயன்?

சரி, பரணில் எதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது? இதைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள்தான் அவர்கள். அவர்கள் வழியைத் தெரிந்துகொண்டால் நம் கணக்கையும் நாமே பார்த்துவிடலாம். அதற்குமுன், இதை அலட்சியம் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம்.

14 தொழிற்சாலைகளை நிறுத்திய இடநெருக்கடி

2023 ஆகஸ்ட் 29. ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகளிலும் வேலை நின்றது. மொத்தம் 28 உற்பத்தி வரிசைகள். அதற்கு முந்தைய ஆண்டு, டொயோட்டாவுக்கு உதிரிபாகம் தரும் ஒரு நிறுவனத்தின் கணினிகளைக் குறிவைத்து நடந்த தாக்குதலால் இதேபோல உற்பத்தி நின்றிருந்தது. அதனால் இதுவும் அப்படித்தானோ என்ற சந்தேகம் உடனே எழுந்தது.

ஆனால், யாரும் தாக்கவில்லை. செப்டம்பர் 6 அன்று நிறுவனமே காரணத்தைச் சொன்னது: சர்வரில் டிஸ்க் இடம் போதவில்லை.

நடந்தது இதுதான். உதிரிபாகங்களுக்கு ஆர்டர் அனுப்பும் சர்வர்களில் ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. சேர்ந்துபோயிருந்த பழைய தகவல்களை அழித்து ஒழுங்குபடுத்தும் வேலை. அதற்கு நடுவே இடம் போதாமல் பிழை ஏற்பட்டு சர்வர்கள் முடங்கின. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று மாற்று சர்வர்களும் இருந்தன. ஆனால், அவையும் அதே அமைப்பில் இயங்கியதால் அங்கும் அதே கோளாறு. கடைசியில், அதிக இடமுள்ள வேறொரு சர்வருக்குத் தகவல்களை மாற்றிய பிறகே நிலைமை சீரானது. 30-ம் தேதி தொழிற்சாலைகள் மறுபடி ஓடின.

உதிரிபாகங்களை மலைபோலக் குவித்து வைக்காமல், தேவைப்படும் நேரத்துக்குத் தேவைப்படும் அளவு மட்டும் வரவழைப்பது டொயோட்டாவின் புகழ்பெற்ற முறை. அதனால்தான் ஆர்டர் நின்றதும் உற்பத்தியும் நின்றது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இடம் தீர்ந்தது, சுத்தம் செய்யும்போது. பரணை ஒழிக்க வேண்டும் என்றால் உள்ளே இருப்பதை இறக்கி வைக்கக் கீழே கொஞ்சம் தரை வேண்டும் அல்லவா? கணினிக்கும் அப்படித்தான். தகவல்களைப் பிரித்து அடுக்கக் கொஞ்சம் காலியிடம் தேவை. விளிம்புவரை நிறைந்த பிறகு சுத்தம் செய்யப் போனால், சுத்தம் செய்யவே இடம் இருக்காது.

துப்பறியும் முறை

ஒரு சர்வர் நிறையப் போகிறது என்று நள்ளிரவில் எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள பொறியாளர் எதையும் அழிப்பதில் ஆரம்பிக்க மாட்டார். முதலில் அளப்பார்.

லினக்ஸ் சர்வர்களில் இதற்கென்றே இரண்டு எளிய கட்டளைகள் உண்டு. ஒன்று 'டி.எஃப்.'. எந்த டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு, அதில் எவ்வளவு காலி என்று சொல்லும். இன்னொன்று 'டி.யூ.'. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறது என்று சொல்லும். முதல் கட்டளையில் நிறைந்த டிஸ்க் எது என்று தெரிந்துவிடும். இரண்டாவதை வைத்து அதற்குள் இறங்குவார். இருக்கும் ஃபோல்டர்களில் மிகப் பெரியது எதுவோ அதற்குள் மட்டும் போவார். அதற்குள்ளும் மிகப் பெரியது எது என்று பார்ப்பார். லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் இப்படி நான்கைந்து படி இறங்கினால் ஆள் சிக்கிவிடும்.

வீட்டில் கரன்ட் பில் திடீரென்று இரண்டு மடங்கு வந்தால் என்ன செய்கிறோம்? பூஜை அறை விளக்கை அணைத்துவிட்டுத் திருப்திப்படுவதில்லை. ஏ.சி.யா, ஹீட்டரா, தண்ணீர் மோட்டாரா என்று பெரிய ஆளிடமிருந்துதானே ஆரம்பிக்கிறோம்? அதே வழிதான் இதுவும்.

இப்படித் தேடும்போது அடிக்கடி சிக்கும் ஆட்கள் மூன்று பேர்.

முதல் ஆள், 'லாக்' எனப்படும் பதிவேடு. யார் வந்தார்கள், எதைக் கேட்டார்கள், எங்கே பிழை வந்தது என்று சர்வர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு மென்பொருள் கெட்டுப்போனால், 'என்னால் முடியவில்லை, என்னால் முடியவில்லை' என்று நொடிக்கு நூறு முறைகூட எழுதித் தள்ளும். ஒரே இரவில் டிஸ்க் நிறைந்துவிடும். அந்தப் பதிவேட்டை அழித்தால் இடம் கிடைக்கும். ஆனால், அது காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது மாதிரிதான். நோய் அந்தக் கெட்டுப்போன மென்பொருளில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் நாளை இரவு மறுபடி நிறையும்.

இரண்டாவது ஆள், பழைய காப்புப் பிரதிகள். பாதுகாப்புக்காகத் தினமும் ஒரு பிரதி எடுக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். பழைய பிரதியை நீக்கச் சொல்ல மறந்திருப்பார்கள். வருஷம் ஆனால் 365 பிரதிகள் வரிசையாக நிற்கும்.

மூன்றாவது ஆள்தான் விசித்திரமானவர். கண்ணுக்கே தெரியமாட்டார். மொத்தக் கணக்கு பார்த்தால் டிஸ்க் நிறைந்திருக்கும். ஒவ்வொரு ஃபோல்டராகக் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு வராது. மீதி எங்கே போனது? அழிக்கப்பட்ட ஒரு பெரிய கோப்பை ஏதோ ஒரு மென்பொருள் இன்னும் திறந்து வைத்திருக்கும். லினக்ஸில் கோப்பை அழித்தால் அதன் பெயர் பட்டியலிலிருந்து உடனே போய்விடும். ஆனால், அதைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் கையை விடும்வரை அது பிடித்த இடம் திரும்ப வராது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாகிவிட்டது, குடியிருந்தவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்ற நிலை. அந்த மென்பொருளை நிறுத்தி மறுபடி தொடங்கினால் போதும், இடம் பொலபொலவென்று திரும்பிவிடும்.

செவ்வாயில் ஒரு மௌனம்

பெரிய கோப்புகள்தான் எப்போதும் இடத்தை அடைக்கும் என்பதும் இல்லை. அதற்கு சாட்சி செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது.

நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தி ஏறக்குறைய 7 மாதம் பயணம் செய்து 2004 ஜனவரி தொடக்கத்தில் செவ்வாயில் இறங்கியது. ஜனவரி 21 அன்று அது திடீரென்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குப் பகீரென்றது. பிறகு தெரிந்தது: ஊர்தியின் கணினி திரும்பத் திரும்பத் தன்னைத்தானே அணைத்து, மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. இரவில் ஓய்வெடுக்க வேண்டிய கணினி ஓய்வெடுக்காததால் பேட்டரியும் கரைந்துகொண்டிருந்தது.

காரணம், அதன் நினைவகத்தில் சேர்ந்துபோன கோப்புகள். பெரிய கோப்புகள் இல்லை. எண்ணிக்கையில் அதிகமான கோப்புகள். பூமியிலிருந்து கிளம்பியது முதல் வழிப்பயணத்தில் உருவானவைகூட நீக்கப்படாமல் கிடந்தன. கணினி தொடங்கும்போதெல்லாம் அத்தனை கோப்புகளுக்கும் ஒரு பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலுக்கு ஒதுக்கியிருந்த இடம் போதவில்லை. பட்டியல் போட முடியாமல் கணினி விழும். மறுபடி எழும். மறுபடி பட்டியல் போடப் பார்த்து விழும். கிடங்கில் இடம் இருக்கிறது, எழுதிக்கொள்ளப் பதிவேட்டில்தான் பக்கம் இல்லை என்பது போன்ற நிலை.

இங்கும் அவர்கள் அவசரப்பட்டு எதையும் அழிக்கவில்லை. 'அந்த நினைவகத்தைத் தொடாமல் எழுந்திரு' என்று கட்டளை அனுப்பினார்கள். ஊர்தி அமைதியாக எழுந்தது. காரணம் உறுதியான பிறகு, தேவையற்ற கோப்புகளை நீக்கினார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் நினைவகத்தை முழுவதுமாகச் சுத்தம் செய்து புதிதாக அமைத்தார்கள். 90 செவ்வாய் நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை பூமியோடு பேசிக்கொண்டிருந்தது.

சர்வர்களிலும் இது நடக்கும். டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும், புதிதாக ஒரு கோப்புகூட உருவாக்க முடியாது. லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்து, கோப்புகளின் எண்ணிக்கைக்கு இருக்கும் வரம்பை எட்டியிருக்கும். அதனால் அனுபவசாலிகள் அளவோடு எண்ணிக்கையையும் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் கணக்கு

இதே வழியில் உங்கள் கூகுள் கணக்கைப் பார்க்க பத்து நிமிடம் போதும். எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே பாருங்கள்.

முதல் படி, மொத்தக் கணக்கு. போனில் கூகுள் டிரைவ் செயலியைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று கோடுகளைத் தொடுங்கள். 'ஸ்டோரேஜ்' என்ற வரியில் 15 ஜி.பி.யில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். அதைத் தொட்டால் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எது எவ்வளவு எடுத்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். அதில் பெரிய ஆள் யாரோ, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

ஜிமெயில்தான் பெரிய ஆள் என்றால், ஒவ்வொரு மெயிலாகப் பார்த்து அழிக்க வேண்டாம். வெறும் எழுத்து மட்டும் உள்ள மெயில் பிடிக்கும் இடம் மிகக் குறைவு. இணைப்போடு வந்த மெயில்கள்தான் இடத்தை அடைக்கும். மேலே தேடும் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் 'லார்ஜர்', அதை ஒட்டி ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டி எண் 10, அதை ஒட்டி 'எம்' என்ற எழுத்து, இவற்றை இடைவெளி இல்லாமல் அடித்துத் தேடுங்கள். 10 எம்.பி.க்கு மேற்பட்ட மெயில்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். தேவையில்லாததை நீக்கலாம்.

நீக்கினால் மட்டும் போதாது. ஜிமெயிலிலும் டிரைவிலும் அழித்தவை குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அங்கே இருக்கும்வரை அவையும் உங்கள் 15 ஜி.பி. கணக்கில்தான் சேரும். ஸ்பாம் மெயில்களும் அப்படித்தான். அழித்தது சரிதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குப்பைத் தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும்.

போட்டோஸ்தான் பெரிய ஆள் என்றால், படங்களை விட்டுவிட்டு வீடியோக்களைப் பாருங்கள். போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ சாதாரணமாக 100 எம்.பி.யைத் தாண்டும். ஒரு போட்டோ பெரும்பாலும் சில எம்.பி.தான். தரையையும் சட்டைப்பையையும் தவறுதலாக எடுத்த ஒரு வீடியோவை நீக்கினாலே முப்பது போட்டோக்களின் இடம் கிடைத்துவிடும்.

இங்கே பலருக்கும் தெரியாத விதி ஒன்று உண்டு. 2021 ஜூன் 1-க்கு முன்பு 'உயர் தரம்' என்ற அமைப்பில் கூகுள் போட்டோஸில் சேர்ந்த படங்கள் இந்த 15 ஜி.பி. கணக்கிலேயே வராது. அவற்றில் ஆயிரம் படங்களை அழித்தாலும் சர்வரில் ஒரு துளி இடம்கூடக் கிடைக்காது. படம் போனதுதான் மிச்சம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கூகுள் போட்டோஸில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து 'டெலிட்' கொடுத்தால், போனிலும் போகும், சர்வரிலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். சர்வரில் ஏற்கெனவே பத்திரமாகச் சேர்ந்த படங்களை மட்டும் அது போனிலிருந்து நீக்கும்.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் வாட்ஸ்அப் காப்பையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களின் காப்புப் பிரதி முன்பெல்லாம் கூகுள் கணக்கில் இடத்தைக் குறைக்காது. 2024 முதல் அதுவும் 15 ஜி.பி.க்குள் சேர்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் 'சாட்ஸ்', அதற்குள் 'சாட் பேக்கப்' போனால் அந்தக் காப்பு எவ்வளவு பெரியது என்று எழுதியிருக்கும். வீடியோக்களையும் சேர்க்கவா என்று ஒரு பொத்தான் இருக்கும். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். அதே அமைப்புகளில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில், எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும். பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றைத் தனியாகவே பிரித்து வைத்திருக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'உங்கள் இடம் நிறைந்துவிட்டது, உடனே இங்கே தொடுங்கள்' என்று மெயிலிலோ மெசேஜிலோ ஓர் இணைப்பு வந்தால் தொடாதீர்கள். இந்தப் பயத்தை வைத்து பாஸ்வேர்டைத் திருடும் கூட்டமும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். உண்மையாக நிறைந்திருந்தால் அங்கே தெரியும்.

பெரியம்மா வீட்டில்

சாயங்காலம் பெரியம்மா காபியோடு காத்திருந்தார். போனை வாங்கி முதலில் மொத்தக் கணக்கைப் பார்த்தேன். போட்டோஸ் எடுத்திருந்தது கொஞ்சம். மெயில் அதைவிடக் கொஞ்சம். மீதி பெரும்பங்கை அடைத்திருந்தது வாட்ஸ்அப் காப்பு.

உள்ளே போய்ப் பார்த்தால், வரிசையில் முதலிடம் சொந்தக்காரர்கள் குழுவுக்கு. இரண்டாமிடம் கோயில் குழுவுக்கு. காலை வணக்கம், இரவு வணக்கம், தினமும் ராசிபலன், ஒரே சமையல் வீடியோ நான்கு பேர் அனுப்பியது என்று வருஷக்கணக்கில் குவிந்து கிடந்தன.

"இதெல்லாம் நான் பார்க்கறதுகூட இல்லையேப்பா!"

"பார்க்காட்டியும் அது பாட்டுக்குச் சேரும் பெரியம்மா."

வேண்டாத வீடியோக்களை நீக்கி, காப்பில் வீடியோவைச் சேர்க்கும் பொத்தானையும் அணைத்துவிட்டு, புதிதாக ஒரு காப்பு எடுத்தோம். பழைய பெரிய காப்பு இருந்த இடத்தில் சின்னதாக ஒன்று உட்கார்ந்தது. அண்ணனை மறுபடி மெயில் அனுப்பச் சொன்னோம். டிக்கெட் வந்து சேர்ந்தது.

பெரியம்மா முகம் தெளியவில்லை. "அந்தப் போட்டோ எல்லாம் போயிடுச்சா?"

கூகுள் போட்டோஸில், சர்வரில் சேர்ந்த படத்தை அழித்தால் அது 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். பெரியம்மா அழித்தது அன்று காலையில்தான். குப்பைத் தொட்டியைத் திறந்தேன். படித்துறையில் பெரியப்பா, படகில் பெரியப்பா, டீக்கடையில் மண் குவளையோடு பெரியப்பா. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மீட்டெடுக்கும் பொத்தானைத் தொட்டேன்.

அவை 2018-ல் சேர்ந்த படங்கள். கணக்கில் இடமே பிடிக்காதவை. திரும்ப வந்த பிறகும் காலியிடம் அப்படியேதான் இருந்தது.

"இனிமே எதையாவது அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க பெரியம்மா" என்றேன்.

"போன் எதுக்கு? மூணு கோட்டைத் தொட்டுப் பார்த்தா எது பெருசுன்னு தெரியப் போகுது" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காசிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார்.